நாட்டு வைத்தியம் நமக்கும் வேண்டும், ஆஸ்பத்திரிக்குப் பதிலாக அல்ல

(கிளைச் செயலாளர்களுக்கும் மாதர் அணித் தலைவிகளுக்குமாகச் சாகாமத்தில் நடந்த இரண்டு நாள் பயிற்சி முகாமில், தோட்டப் பாடசாலை ஆசிரியரும் சங்க அமைப்பாளருமான தோழர் ஆற்றிய உரை. ஒலிப்பதிவிலிருந்து எழுதப்பட்டது.)



மலையிலிருந்து இரண்டு பஸ்ஸில் இறங்கி, அக்கரைப்பற்றில் உள்ளே திரும்பி, இந்தக் குளத்தங்கரை ஊருக்கு வந்து சேர்ந்திருக்கிறீர்கள். நான் பிறந்த ஊர் இது. படிப்பிப்பது உங்கள் மலையில். இரண்டு பக்கமும் சோறு தின்கிறவன் என்பதால் இந்தத் தலைப்பை என் தலையில் கட்டியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். நாட்டின் சுகாதார சேவையில் நாட்டு வைத்தியத்துக்கு என்ன இடம் என்பதுதான் தலைப்பு. நம் வாயால் சொன்னால், இயற்கை வைத்தியம் நல்லதா, ஆஸ்பத்திரி நல்லதா என்ற பழைய சண்டை.

அந்தச் சண்டைக்குத் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. இன்றைக்கு இதைப் பேச வேறொரு காரணம் இருக்கிறது. ஒரு தோட்டம், பெயர் வேண்டாம். அங்கே டிஸ்பென்சரியில் இருந்த டொக்டர் ஐயா ஓய்வு பெற்றுப் போனார். புது ஆள் வரவில்லை. மாதம் நாலாகி எட்டாகியும் வரவில்லை. கமிட்டி போய்க் கேட்டபோது நிர்வாகம் சொன்ன பதில் இது: "இப்போது எல்லாரும் இயற்கை வைத்தியத்துக்குத்தானே போகிறார்கள், வருசத்துக்கு இரண்டு முறை இயற்கை வைத்திய முகாம் போட்டுத் தருகிறோம்." நம் ஆட்களில் சிலர் அதற்குக் கை தட்டியும் விட்டார்கள். முகாம் வந்தது. ஆளுக்கு ஒரு எண்ணெய்ப் போத்தல், ஒரு சூரணப் பக்கற், ஒரு படம். அடுத்த வாரம் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது போக இடம் இல்லை.

சீனி போட்ட தேத்தண்ணி மாதிரி இனிப்பாக வரும் இந்தப் பேச்சை எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்று நமக்குத் தெரிய வேண்டும். நாட்டு வைத்தியம் நம் உரிமை. அதைக் கேட்டு வாங்க வேண்டும். ஆனால் அதைக் காட்டி இன்னொரு உரிமையைப் பறிக்க விடக்கூடாது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மிச்சம் எல்லாம் அதற்கான விபரம்.

முதலில் பெயர்க் குழப்பம். நாம் "இயற்கை வைத்தியம்" என்று சொன்னால் அதில் எல்லாம் அடங்கிவிடுகிறது. அம்மா அவித்துத் தரும் கொத்தமல்லித் தண்ணியும் அதுதான், கடையில் வாங்கும் சமஹன் பக்கற்றும் அதுதான், பரியாரி கட்டும் பத்தும் அதுதான், பஸ் ஸ்டாண்டில் மைக் பிடித்து விற்கும் முழங்கால் வலித் தூளும் அதுதான். சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. இலங்கையில் 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதில் ஆயுர்வேதம் என்ற சொல்லுக்குள் சித்த மருத்துவம், யூனானி, சிங்கள மக்களின் தேசிய சிகிச்சை எல்லாமே அடங்கும். ஆயுர்வேதத் திணைக்களம் அந்தச் சட்டத்தால் வந்தது. வைத்தியர்களைப் பதிவு செய்யும் ஆயுர்வேத மருத்துவ சபையும் அதனால் வந்தது. பதிவு பெற்ற சித்த வைத்தியர் அரசாங்கம் ஏற்றுக்கொண்ட வைத்தியர். பஸ் ஸ்டாண்ட் தூள்காரர் அப்படி அல்ல. இரண்டு பேரையும் ஒரே பெயரால் கூப்பிடுவதில்தான் பாதி ஏமாற்று நடக்கிறது.

இந்த வைத்தியத்தை அரசாங்கம் நேற்று இன்று தொடங்கவில்லை. வெள்ளைக்காரன் காலத்திலேயே, 1929இல், கொழும்பு பொரளையில் சுதேச வைத்தியக் கல்லூரி திறந்தார்கள். 1962இல் நாவின்னயில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த ஆயுர்வேத ஆராய்ச்சி நிலையம் வந்தது. 1980இல் இதற்கென்றே ஓர் அமைச்சு வந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சித்த மருத்துவம் பட்டப்படிப்பு, கைதடியில் அதற்குப் போதனா வைத்தியசாலை. நம் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலும் சித்த மருத்துவம் படிப்பிக்கிறார்கள். யூனானி கொழும்புப் பல்கலைக்கழகத்தில். மாகாண சபைகள் வந்த பிறகு ஒவ்வொரு மாகாணத்துக்கும் சுதேச மருத்துவத் திணைக்களம். அதற்குக் கீழே, ஊர் மட்டத்தில், பிரதேச சபை நடத்தும் இலவச ஆயுர்வேத மருந்தகம்.

இந்தக் கரைப் பக்கத்தில் அதை உங்கள் கண்ணாலேயே பார்க்கலாம். அக்கரைப்பற்றிலிருந்து கல்முனை ரோட்டில் போனால் அட்டாளைச்சேனை, பாலமுனை, ஒலுவில், நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது என்று ஊர்மேல் ஊராக வரும். நிந்தவூரில் ஆயுர்வேத ஆராய்ச்சி வைத்தியசாலை இருக்கிறது. முஸ்லிம் ஊர்களில் ஹக்கீம்மாரின் யூனானி வைத்தியம், தமிழ் ஊர்களில் பரியாரிமாரின் சித்த வைத்தியம், இரண்டும் தலைமுறையாக ஓடிக்கொண்டிருக்கிறது. பரியாரியிடம் பத்துக் கட்ட முஸ்லிம் வாப்பா வருவார், ஹக்கீமிடம் லேகியம் வாங்க எங்கள் பெரியம்மா போவா. பக்கத்திலேயே அக்கரைப்பற்று, திருக்கோவில் ஆதார வைத்தியசாலைகள். கல்முனையில் இரண்டு பெரிய ஆஸ்பத்திரி, வடக்கு ஆதார வைத்தியசாலையும் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும். இந்த ஊர் ஆளுக்கு இரண்டு கதவும் திறந்திருக்கிறது. முதுகு வலிக்கு ஒரு கதவு, நெஞ்சு வலிக்கு மற்றக் கதவு.

மலையில் என்ன? அங்கே கதை 1872இல் தொடங்குகிறது. அந்த வருசம்தான் தோட்டப் பகுதிகளுக்கு மருத்துவ வசதி செய்ய வெள்ளைக்காரன் முதல் சட்டம் போட்டான். அன்றிலிருந்து தோட்டத்து ஆளின் உடம்பு தொரையின் பொறுப்பு, கிராமத்து ஆளின் உடம்பு அரசாங்கத்தின் பொறுப்பு என்று கோடு விழுந்துவிட்டது. தோட்டங்களை 1970களில் அரசு எடுத்தது, 1992இல் கம்பனிகளுக்குக் கொடுத்தது. 1990களில் சில தோட்ட ஆஸ்பத்திரிகளை மாகாண சுகாதாரத் திணைக்களங்கள் பொறுப்பேற்கத் தொடங்கின. எல்லாம் அரைகுறை. ஆனால் இங்கிலீஷ் வைத்தியத்துக்காவது இந்த அரைகுறைக் கதை இருக்கிறது. நாட்டு வைத்தியத்துக்கு அதுவும் இல்லை.

ஏன் இல்லை? இலவச ஆயுர்வேத மருந்தகம் பிரதேச சபையின் கையில் இருக்கிறது என்று சொன்னேன். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33ஆம் பிரிவு என்று ஒன்று. தோட்டத்துக்குள் சபை காசு செலவழிக்கத் தடையாக அதைத்தான் முப்பது வருசம் காட்டினார்கள். வோட்டுப் போட நாம் அந்தச் சபையின் ஆட்கள். ரோட்டுக்கு லைட் கேட்டால், மருந்தகம் கேட்டால், "அது தோட்டக் காணி, கம்பனியைக் கேளுங்கள்." கம்பனியிடம் போனால், "அது சபையின் வேலை." 2018இல் நாடாளுமன்றம் அந்தப் பிரிவைத் திருத்தியது. இப்போது தோட்டத்துக்குள் சேவை செய்யச் சபைக்குச் சட்டத் தடை இல்லை. இதை நம் கிளைகளில் எத்தனை பேர் சபைக் கூட்டத்தில் எடுத்துப் பேசியிருக்கிறோம்? ரோட்டுக்கும் லைட்டுக்கும் பேசியிருக்கிறோம். வைத்தியத்துக்குப் பேசியதாக நான் கேட்டதில்லை.

இனி வைத்தியத்துக்கே வருகிறேன். கொழுந்து எடுக்கிற பெண்ணின் உடம்பில் முதலில் போவது முழங்காலும் இடுப்பும். அடுத்தது தோள்பட்டை. காலையில் ஈரத்தில் நின்று, மலைச் சரிவில் ஏறி இறங்கி, கூடைப் பாரத்தை நெற்றியில் தாங்கி முப்பது வருசம். இந்த நோவுக்கு டிஸ்பென்சரியில் கிடைப்பது பெனடோல் கார்ட். அதையே விழுங்கி வயிறு புண்ணாகாவிட்டாலும், நோவு போவதில்லை. சித்த வைத்தியத்தில் எண்ணெய் பூசி உருவுவது, ஒத்தடம், பற்று, பத்தியம், உடற்பயிற்சி என்று ஒரு முழு முறை இருக்கிறது. ஒரு வாரம் கிழமை பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டியது. நாட்பட்ட மூட்டு நோவு, முதுகு நோவு, மூலம், செரிமானம், பக்கவாதம் வந்தவருக்கு ஆபத்துக் கட்டம் தாண்டிய பிறகு கை கால் தேற்றுவது, இவற்றுக்கெல்லாம் இந்த நாட்டு மக்கள் ஆயுர்வேத வைத்தியசாலையில் வரிசையில் நிற்கிறார்கள். நம் தாய்மாருக்கு அந்த வரிசையில் நிற்கவும் வழி இல்லை. கிட்டிய வைத்தியசாலைக்குப் போய் வர ஒரு நாள் பேர் போகும், பஸ் காசு போகும், போனாலும் வைத்தியர் சொல்வதை நம் மொழியில் கேட்க முடியாது.

முறிவு நெரிவு வைத்தியமும் அப்படித்தான். கை பிசகினால் பரியாரி பத்துக் கட்டிச் சரியாக்குவதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். ஒரு சொல் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்: முதலில் எக்ஸ்ரே. எலும்பு எங்கே, எத்தனை துண்டாக உடைந்திருக்கிறது என்று பார்க்கப் பரியாரியின் விரலுக்கு எக்ஸ்ரே துணை. தோல் கிழிந்து எலும்பு வெளியே தெரிந்தால், விரல் நுனி நீலமாகி மரத்தால், அது பத்துக்கு உரியது அல்ல.

நாட்டு வைத்தியத்தை வெறும் கிழவிக் கதை என்று சொல்கிற படித்த ஆட்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு மூன்று மருந்தின் கதை போதும். சளிக்கு ஆஸ்பத்திரியில் புரோம்ஹெக்சின் என்று ஒரு சிரப் தருவார்களே, அது ஆடாதோடை இலையில் இருக்கும் சரக்கைப் பார்த்துச் செய்தது. பிரஷருக்கு ஒரு காலத்தில் உலகம் முழுக்கக் கொடுத்த ரிசர்ப்பின் மாத்திரை, சர்ப்பகந்தா வேரிலிருந்து 1952இல் பிரித்தெடுத்தது. மலேரியாவுக்கு இன்று முதல் மருந்தாகக் கொடுக்கும் ஆர்ட்டெமிசினினைச் சீனாவின் து யூயூ அம்மையார் ஒரு பழைய சீன வைத்திய நூலில் இருந்த குறிப்பைப் பிடித்துக்கொண்டு போய்க் கண்டுபிடித்தார். 2015இல் நோபல் பரிசு. கவனியுங்கள், பழைய நூலில் இருக்கிறது என்பதற்காக அவருக்குப் பரிசு கொடுக்கவில்லை. சோதித்து, அளவு கண்டு, வேலை செய்வதைக் காட்டியதற்காகக் கொடுத்தார்கள்.

அந்த "சோதித்து" என்கிற சொல்லில்தான் நம் உயிர் தங்கியிருக்கிறது. பாம்புக்கடியைச் சொல்கிறேன். இது உங்களுக்கும் சொந்தம், இந்த ஊருக்கும் சொந்தம். இங்கே வயலில் புடையன். உங்கள் பக்கம் கண்ணாடி விரியன் என்பார்கள். இரவில் தரையில் படுத்தால் கட்டுவிரியன். தேயிலைச் செடிக்கடியில், இறப்பர்ச் சருகுக்குள், மூக்கு மேலே தூக்கிய அந்தச் சின்ன விரியன், சிங்களத்தில் குணகட்டுவா என்பார்களே, அது. இந்த நாட்டில் விஷப் பாம்புகளில் அதிகமான ஆட்களைக் கடிப்பது அதுதான்.

நாடு முழுக்க வீடு வீடாகப் போய்க் கேட்டு எடுத்த ஓர் ஆய்வு 2016இல் வெளிவந்தது. இலங்கையில் வருசத்துக்குச் சுமார் 80,000 பேரைப் பாம்பு கடிக்கிறது. அதில் உடம்பில் விஷம் ஏறுவது சுமார் 30,000 பேருக்கு. இறப்பது நானூறுக்கு மேல். இந்தக் கணக்கை வைத்து ஒரு விஷயம் யோசியுங்கள். எட்டுப் பேரைப் பாம்பு கடித்தால் ஐந்து பேருக்கு விஷம் ஏறவே இல்லை. விஷமில்லாத பாம்பாக இருக்கும், அல்லது விஷப் பாம்பே விஷத்தை இறக்காமல் கடித்திருக்கும். அப்படியென்றால் விஷகடி வைத்தியரிடம் எட்டுப் பேர் போனால், அவர் வெறும் பச்சைத் தண்ணியைக் கொடுத்தாலும் ஐந்து பேர் எழுந்து நடப்பார்கள். அந்த ஐந்து பேரும் ஊரெல்லாம் போய்ச் சொல்வார்கள். மற்ற மூன்று பேரில் பிழைக்காதவர் வந்து சொல்லப் போவதில்லை. வைத்தியர் பொய்க்காரர் என்று நான் சொல்லவில்லை. அவரே தன் மருந்துதான் காப்பாற்றியது என்று மனதார நம்பியிருப்பார். எனக்குத் தெரிந்த ஒரு விஷகடிப் பரியாரி இந்தப் பக்கம் இருந்தார், பெயர் பெற்ற மனுசன். கடைசிக் காலத்தில் கடித்த இடத்தைப் பார்த்துவிட்டு, "என்ட கையில ஒண்டுமில்ல, ஆஸ்பத்திரிக்கு ஓடு, வந்து பிறகு என்னைக் காணு" என்று அனுப்பிவிடுவார். அவர் மேல் இருந்த மரியாதை அதனால் கூடியதே தவிரக் குறையவில்லை.

விஷ முறிவு ஊசி ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறது. இந்தியாவிலிருந்து வரும் அந்த ஊசி நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் உரியது. குணகட்டுவாவுக்கு அது வேலை செய்யாது. அப்படியானால் எதற்கு ஆஸ்பத்திரி என்று கேட்பீர்கள். அந்தக் கடி சிலருக்குச் சிறுநீரகத்தைப் பிடிக்கும், சிலருக்கு இரத்தம் உறையாமல் போகும். அதை இரத்தம் சோதித்துத்தான் பார்க்க முடியும், சிறுநீரகம் நின்றால் இயந்திரம் வைத்துத்தான் காக்க முடியும். கட்டுவிரியன் கடி இன்னும் மோசம். நோவே இருக்காது. இரவில் எறும்பு கடித்த மாதிரி இருக்கும், விடியும்போது இமை தூக்க முடியாது, மூச்சு நிற்கும்.

விஷத்துக்குப் பெயர் பெற்ற ஒரு மூலிகை ஈஸ்வரமூலி. பல தலைமுறையாகப் பாம்புக்கடிக்குக் கொடுத்து வந்தது. அதில் அரிஸ்டொலோகிக் அமிலம் என்ற சரக்கு இருக்கிறது. அது சிறுநீரகத்தை நிரந்தரமாகக் கெடுக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும் என்று இன்றைக்கு உறுதியாகத் தெரியும். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடம்பு மெலிய மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் போன பிறகுதான் உலகம் விழித்தது. அதே இனத்துச் சீன மூலிகை அந்த மாத்திரையில் இருந்தது. இயற்கையில் விளைந்தது எல்லாம் சாது என்று யார் சொன்னது? பாம்பின் விஷமும் இயற்கையில் விளைந்ததுதானே.

ஆகவே கடித்தால் கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். மோதிரம், வளையல், கால்சங்கிலி கழற்றுங்கள், வீக்கம் வந்த பிறகு கழற்ற முடியாது. ஆளை நடக்க விடாதீர்கள், கையோ காலோ அசையாமல் வையுங்கள். 1990க்கு எடுங்கள், சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசம். மலை ரோட்டில் அது ஏறாது என்றால் தோட்ட லொறி கீழ் ரோட்டு வரைக்கும் கொண்டு வந்து விட வேண்டும். இரவானாலும் லொறிச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதைக் கமிட்டி இந்த வாரமே கேட்டு எழுதி வைக்க வேண்டும்.

அடுத்தது தூள். எங்கள் பாடசாலையில் நாலாம் ஆண்டுப் பிள்ளையின் அம்மா ஒருவர். முழங்கால் நோவுக்கு டவுனில் ஒரு "இயற்கை" தூள் வாங்கிச் சாப்பிட்டார். மூன்றாம் நாளே நோவு பறந்துவிட்டது. லயம் முழுக்கச் சொல்லிப் பத்துப் பேருக்கு வாங்கிக் கொடுத்தார். ஆறு மாதத்தில் முகம் பூரணச் சந்திரன் மாதிரி உப்பி, சீனி ஏறி, ஒரு சின்னப் புண் ஆறாமல் ஆஸ்பத்திரிக்குப் போனார். தூளுக்குள் ஸ்டீரொயிட் மாத்திரையை அரைத்துப் போட்டிருக்க வேண்டும் என்று டொக்டர் சொன்னார். அதாவது அந்த அம்மா சாப்பிட்டது இங்கிலீஷ் மருந்துதான், அளவு தெரியாமல், சீட்டு இல்லாமல், இயற்கை என்ற லேபிளுக்குள். மூன்றே நாளில் பழைய நோவை முழுசாக எடுக்கிற எந்தத் தூளையும் சந்தேகப்படுங்கள். ஏற்கெனவே மாதக் கணக்காகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் சட்டென்று நிறுத்தவும் வேண்டாம், அதிலும் ஆபத்து உண்டு. பக்கற்றோடு டொக்டரிடம் போங்கள்.

உலோகமும் அப்படித்தான். சித்தத்திலும் ஆயுர்வேதத்திலும் பாதரசம், ஈயம் சேர்ந்த பற்ப, செந்தூர வகைகள் உண்டு. 2004இல் அமெரிக்காவில் பொஸ்டன் நகரத்துக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேத மருந்துகளை வாங்கிச் சோதித்தார்கள். 14இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஏதோ ஒன்று ஆபத்தான அளவில் இருந்தது. ஐந்தில் ஒன்று. அமெரிக்கக் கடையில் அப்படி என்றால் நம் டவுன் பஸ் ஸ்டாண்டில் எப்படி? கர்ப்பிணித் தாய்மாரும் சின்னப் பிள்ளைகளும் யார் செய்தது என்று தெரியாத செந்தூரத்தைத் தொடவே கூடாது.

அரசாங்கமே ஆடுகிற கூத்தும் உண்டு. 2020 டிசம்பர் ஞாபகம் இருக்கிறதா? கேகாலைப் பாணி. தேனும் சாதிக்காயும் சேர்த்த ஒரு பாணி கொரோனாவை நிறுத்தும் என்று ஒருவர் சொன்னார். ஊரடங்கையும் இடைவெளியையும் பிரசங்கம் செய்துகொண்டிருந்த நாட்டில் ஆயிரக்கணக்கான சனம் ஒரே கிராமத்தில் முண்டியடித்தது. சுகாதார அமைச்சரே எல்லார் முன்னாலும் குடித்துக் காட்டினார். அடுத்த மாதம் அவருக்கே கொரோனா. அந்தப் பாணியால் கெட்டுப்போனது யாருடைய பெயர்? படித்துப் பட்டம் வாங்கிப் பதிவோடு வேலை செய்கிற ஆயுர்வேத, சித்த வைத்தியர்களின் பெயர். அவர்களில் பலர் அப்போதே, சோதிக்காமல் கொடுக்காதே என்று சொன்னவர்கள்.

"இயற்கை" என்ற சொல்லை மேலிருந்து இறக்கினால் என்ன நடக்கும் என்று தோட்டத் தொழிலாளிக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2021இல் ஒரே இரவில் இரசாயன உரத்தை நிறுத்தினார்கள். கொழுந்து விழுந்தது, இந்தக் குளத்துக்குக் கீழே நெல்லும் விழுந்தது. சேதனப் பசளை கெட்டது என்று யார் சொன்னார்? வேண்டிய அளவு பசளையும் பழக்கமும் காலமும் தராமல் பெயரை மட்டும் கொடுத்ததுதான் பிழை. கிலோக் குறைந்தபோது பேர் வெட்டியது யாருடைய சம்பளத்தில் என்று உங்களுக்குத் தெரியும். வைத்தியத்திலும் அதே விளையாட்டை ஆட விடக்கூடாது.

2022இல் நாடு வங்குரோத்தானபோது ஆஸ்பத்திரிகளில் மருந்து இல்லை, சத்திரசிகிச்சைகளைத் தள்ளிப் போட்டார்கள். அப்போது ஏழைச் சனம் நாட்டு வைத்தியத்துக்குப் போனது விரும்பியா, வழியில்லாமலா? இரண்டும்தான். ஆனால் இன்சுலின் எடுக்கிற ஆளுக்குக் கொவ்வைக் கீரையும் பாகற்காயும் இன்சுலின் ஆகாது. பக்கத் துணையாகச் சாப்பிடலாம், அதுவும் கிளினிக்கில் சொல்லிவிட்டுச் சாப்பிட வேண்டும், சீனி அளவு மாத்திரையோடு சேர்ந்து அதிகம் இறங்கிவிடக்கூடும். நம் ஆட்கள் இரண்டு பக்கத்துக்கும் தெரியாமல் இரண்டு மருந்தும் எடுக்கிறார்கள். டொக்டர் ஏசுவார் என்ற பயம். ஏசுகிற டொக்டரும் இருக்கிறார்தான். ஏசினாலும் சொல்லுங்கள்.

ஒளித்துக் குடிக்க வேண்டிய நிலை ஏன் வருகிறது? இரண்டு வைத்தியமும் இரண்டு வீதியில் இருப்பதால். தமிழ்நாட்டில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். அரசாங்க ஆஸ்பத்திரிக்குள்ளும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள்ளும் சித்த மருத்துவப் பிரிவை வைத்தார்கள். 2005இல் இந்திய கிராம சுகாதாரத் திட்டம் வந்த பிறகு இது வேகமானது. ஒரே கூரை, ஒரே வாசல். சித்த வைத்தியருக்கு நெஞ்சு வலிக்காரர் வந்தால் அடுத்த அறைக்கு அனுப்பலாம். மற்ற டொக்டருக்கு நாட்பட்ட மூட்டு நோவுக்காரர் வந்தால் இந்த அறைக்கு அனுப்பலாம். அங்கேயும் குறை இல்லாமல் இல்லை. டெங்கு வந்த காலத்தில் நிலவேம்புக் குடிநீரை ஊர் முழுக்க ஊற்றிக் கொடுத்து, அது டெங்குவை எவ்வளவு நிறுத்துகிறது என்ற வாக்குவாதம் இன்னும் முடியவில்லை. ஆனால் ஒரே கூரை என்ற யோசனை நல்லது. 1978இல் அல்மா-அட்டாவில் உலக நாடுகள் கூடி ஆரம்ப சுகாதாரம் பற்றிப் பிரகடனம் செய்தபோது, தேவையான இடத்தில் பாரம்பரிய வைத்தியர்களையும் அதில் சேர்க்கச் சொன்னார்கள். பயிற்சி கொடுத்து, குழுவில் ஒருவராக. டொக்டரை அனுப்பிவிட்டு அவரது கதிரையில் பரியாரியை இருத்தச் சொல்லவில்லை.

இப்போது நாம் என்ன கேட்கப் போகிறோம்? சங்கத்தின் மத்திய குழுவில் பேசி வைத்திருப்பது இது. ஒவ்வொரு பிரதேச சபையும் தன் எல்லைக்குள் உள்ள தோட்டங்களுக்குக் குறைந்தது ஓர் இலவச ஆயுர்வேத மருந்தகமாவது திறக்க வேண்டும். கட்டடம் இல்லையென்றால் வாரத்தில் இரண்டு நாள் டிஸ்பென்சரியிலோ பிள்ளைக்காம்பராவுக்குப் பக்கத்து அறையிலோ வைத்தியர் வந்து இருக்க வேண்டும். யாழ்ப்பாணத்திலும் திருகோணமலையிலும் சித்த மருத்துவம் படித்துவிட்டு நியமனத்துக்குக் காத்திருக்கும் தமிழ் பேசும் பிள்ளைகளை அந்த இடங்களுக்கு எடுக்க வேண்டும். இந்தக் கரையிலும் அப்படி வீட்டில் இருக்கும் பிள்ளைகள் உண்டு. வேலை அங்கே, ஆள் இங்கே. மருந்துப் போத்தலில் தமிழில் எழுத வேண்டும். பதிவு பெற்ற சித்த வைத்தியர் தரும் சுகவீனச் சீட்டை நிர்வாகம் ஏற்க வேண்டும், அரைப்பேர் வெட்டக்கூடாது. இவை எல்லாவற்றுக்கும் மேலே, எந்தத் தோட்டத்திலும் டிஸ்பென்சரி ஆள் இல்லாமல் ஒரு மாதத்துக்கு மேல் கிடக்கக்கூடாது. இதை முதலில் எழுதுங்கள், மற்றதைப் பிறகு எழுதுங்கள். வரிசை மாறினால் நம்மிடம் முகாம் ஒன்றைத் தந்துவிட்டு மற்றதை அடித்துவிடுவார்கள்.

மனுவின் மாதிரி தமிழிலும் சிங்களத்திலும் அடித்து வைத்திருக்கிறோம். கிளைச் செயலாளர்கள் சாப்பாட்டுக்கு எழும்புமுன் ஆளுக்கு இரண்டு எடுங்கள். வெற்றிடத்தில் தோட்டத்தின் பெயர், டிவிசன், குடும்பத் தொகை, கிட்டிய ஆயுர்வேத மருந்தகம் எத்தனை மைல், போய்வர பஸ் காசு எவ்வளவு, டிஸ்பென்சரியில் கடைசியாக ஆள் இருந்த திகதி ஆகியவற்றை நிரப்ப வேண்டும். மைல் கணக்கை மதிப்பாகப் போடாதீர்கள், பஸ் கண்டக்டரைக் கேட்டு எழுதுங்கள், சபையில் முதலில் அதைத்தான் பிடிப்பார்கள். கையெழுத்தில் பாதிக்கு மேல் பெண்களுடையதாக இருக்கட்டும். பிரதேச சபைச் செயலாளருக்குப் பதிவுத் தபாலில் போட்டு, ரசீதை ஒட்டிய பிரதியை அடுத்த மாதச் சம்பள நாளுக்கு முன் சங்கக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். சிங்களப் பிரதி நிரப்பக் கஷ்டம் என்றால் உங்கள் தோட்டப் பாடசாலையில் சிங்களம் படிப்பிக்கிற ஆசிரியரைக் கேளுங்கள், அவருக்கும் முழங்கால் இருக்கிறது.